கல்லாவில் உட்கார்ந்தாலும் களைப்பா?

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு மேடு ஏறுவது புதிதல்ல. வீடு ஒரு மேட்டில், கடை பள்ளத்தில், கொடவுன் இன்னொரு மேட்டில். இருபது வருடமாக மூட்டையோடு ஏறிய அதே படியில் ஒரு நாள் பாதியில் நின்று மூச்சு வாங்கினால், "வயசாகிறது" என்று சொல்லிக்கொண்டு மேலே போகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ஹார்ட் பெயிலியர் என்றதும் இருதயம் நின்றுவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இருதயத்தால் இறைத்துக் கொடுக்க முடியாத நிலை அது. மோட்டார் ஓடுகிறது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், நெடுநாளாக ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், வால்வு கெட்டவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் 2013-ல் இந்நோய்க்காகச் சேர்ந்த 1205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேல்நாடுகளில் பெரும்பாலும் எழுபதைத் தாண்டி வருவது, நம் பக்கத்தில் கடைப் பொறுப்பு கையில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. மூன்று ஆண்டுக்குள் அந்த 1205 பேரில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் இறந்துவிட்டார்கள். ஆகவே இது அலட்சியம் செய்யக்கூடிய களைப்பு அல்ல.

இந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போகாது. ரத்த ஓட்டம் குறைந்து கை கால் தசைகளே மெலிந்து போகின்றன. பலருக்கு இரும்புச் சத்தும் குறைந்திருக்கும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை இரண்டாக அடுக்கிப் படுப்பதால் தூக்கமும் கெடும். சில மாத்திரைகள் ஆரம்பத்தில் சோர்வு தருவதும் உண்டு. வீட்டாருக்கோ வெளியில் காயம் எதுவும் தெரியாது. "அப்பா இப்போதெல்லாம் கல்லாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை" என்று மகன் அலுத்துக்கொள்வார். அந்தப் பேச்சு நோயைவிட அதிகம் வருத்தும்.

டாக்டர்கள் நான்கு படிகளாக இதைப் பிரிக்கிறார்கள். 1928-லிருந்து வழக்கத்தில் உள்ள நியூயார்க் முறை இது. நம் கணக்கில் சொன்னால், முதல் படியில் தொந்தரவே இல்லை. இரண்டில் மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கும். மூன்றில் கடைக்குள் நான்கு எட்டு நடந்தாலே முடியாது. நான்கில் உட்கார்ந்திருந்தாலும் களைப்பு. மின்னசோட்டாவில் தயாரான 21 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வேறு உண்டு. தூக்கம், வேலை, வருமானம், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணம் வரை அதில் கேட்கிறார்கள். எக்கோவில் தெரியாதது அதில் தெரியும். நாம்தான் டாக்டர் கேட்டவுடன் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மலைக்காரர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்த உயரம் பொதுவாகத் தொல்லை தராது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் மறுநாளே மலை ஏறலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்வதும் அப்படித்தான்.

உப்பு பற்றிச் சொன்னால் நம் சரக்கையே குறை சொல்வதாகும். என்ன செய்வது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் உடம்பில் நீரைத் தேக்கும். நாள் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூட்டு வலிக்கென்று தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளும் அதே கெடுதலைச் செய்யும்.

நடப்பதை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. 2331 நோயாளிகளை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், முறையாக உடற்பயிற்சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கை ஓரளவு மேம்பட்டது. டாக்டர் சம்மதித்தால் மேட்டை விட்டுச் சமமான சாலையில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

நம் வியாபாரிகள் அதிகம் தவறு செய்வது நீர் மாத்திரையில். லீ பஜாருக்குக் கொள்முதலுக்குப் போகிற நாளில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை எங்கே நிறுத்துவது என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் விட்டாலே கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும். நிறுத்த வேண்டாம், திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் நேரம் மாற்றித் தருவார்.

மூட்டை நிறுக்கும் எடை மிஷின் நம் கடையிலேயே இருக்கிறது. காலையில் கடை திறந்ததும், சிற்றுண்டிக்கு முன், அதில் ஏறி நின்று எடையைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.