மரக்கோயிலுக்கு மலைவழி

ருமேனியா தேசத்தின் வடகோடியில் மாரமுரேஷ் என்னும் மலைநாடு இருக்கிறது. அங்குள்ள புதெஷ்டி கிராமத்தில், ஞாயிறு காலையில் ஆர்த்தொடாக்ஸ் ஆராதனைக்கு ஜனங்கள் நடந்து செல்லும் வழியில் நாமும் செல்வோம்.

1643-ஆம் வருஷத்திய புனித நிக்கோலஸ் ஆலயம் அதோ தெரிகிறது! சுவர், கூரை, வானளாவிய கோபுரம் யாவும் மரமே. உள்ளே வாத்தியம் கிடையாது. மனிதர் குரலே சங்கீதம். பக்தர்கள் நெடுநேரம் நின்றே தொழுகிறார்கள்.

ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து 1703-ல் உயிர் நீத்த வீரன் பிந்தியாவினுடையது என்று ஓர் இரும்புக் கவசத்தையும் இங்கே பேணி வருகிறார்கள். அந்நிய ஆட்சியில் நெடுங்காலம் வாழ்ந்த குடியானவர்கள் தங்கள் வழிபாட்டையும் வீரனையும் ஒரே கூரையின்கீழ்க் காத்தனர்.

1999-ல் இவ்வாலயம் உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் அதற்கு உயிரளிப்பது ஞாயிறுதோறும் அங்கே கூடும் ஜனங்களின் பக்தியே அன்றோ!