ஓடாத உழவியந்திரமும் ஒட்டிக்கொள்ளும் கிளச்சும்

சுகர் லேண்டில் வீடும், றோசன்பேர்க், நீட்வில் பக்கங்களில் ஓரிரு ஏக்கர் காணியும் வைத்திருக்கும் நம்மவர் சிலர் சிறிய உழவியந்திரமும் வாங்கியுள்ளனர். பிராசோஸ் ஆற்றை அண்டிய கரிய களிமண்ணில் மழை பெய்துவிட்டால் பல நாட்களுக்குச் சில்லு இறக்க முடியாது. ஆகவே இயந்திரம் ஆண்டின் பெரும்பகுதியும் கொட்டிலிலேயே நிற்கிறது.

எமது இயந்திரமும் அவ்வாறே ஒரு நவம்பர் முதல் மார்ச் வரை நின்றது. பற்றறியை ஏற்றியதும் என்ஜின் உடனே இயங்கியது. மகிழ்ந்தோம். கிளச்சை மிதித்துக் கியரைப் போட முனைந்தபோதுதான் பற்கள் அரைபடும் ஓசை எழுந்தது. கிளச் தட்டு துருவினால் பிளைவீலுடன் ஒட்டிக்கொண்டதென மெக்கானிக் கூறினார். அதைப் பிரிக்க இயந்திரத்தையே நடுவில் இரண்டாகக் கழற்றவேண்டும். தட்டின் விலையிலும் பார்க்கக் கூலியே அதிகமாயிற்று.

இதற்குக் காரணம் எளிது. மிதியில் கால் இல்லாதபோது விற்சுருள்கள் கிளச் தட்டைப் பிளைவீலுடன் இறுக அழுத்தியபடியே இருக்கும். வாடைக்காற்றில் குளிர்ந்த இரும்பின்மேல் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்று படும்போது, குளிர்நீர்க் குவளை வியர்ப்பதுபோல இரும்பும் வியர்க்கும். அந்த ஈரத்தில் துரு பிடிக்கும். 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடையால் முடங்கிய இயந்திரங்களை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

தடுப்பதற்குச் செலவில்லை. நெடுநாள் நிறுத்தும்போது மிதியை முழுதாக அமிழ்த்தி, ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுக்க வேண்டும். சில இயந்திரங்களில் இதற்கெனக் கொளுக்கியே உண்டு. கிளச்சை விலக்கிய நிலையில் வைக்குமாறு குபோட்டாவின் கைநூல்களும் கூறுகின்றன. என்ஜின் சுழலாதபடியால் பெயாரிங் தேயாது. எண்ணெயில் மூழ்கிய கிளச்சுக்கு இத்தொல்லை குறைவு; உங்களுடையது எவ்வகை என்பதைக் கைநூலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் அபாயம் உண்டு. சிறுவர் உள்ள வீடுகளில் இதை மறக்கலாகாது. கிளச் விலகி நிற்கையில் கியர் இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தாது. சரிவில் அது உருண்டுவிடும். கைப்பிரேக்கை இழுத்து, கலப்பையை நிலத்தில் இறக்கி, சில்லுகளுக்கு அணை வைக்க வேண்டும். மேலும், மிதியை அமிழ்த்தினாலன்றி என்ஜின் இயங்காதவாறு வைத்த பாதுகாப்பு இந்த முட்டினாற் பயனற்றுப் போகும். எனவே சாவியைக் கழற்றி வீட்டினுள் வைத்துவிடுங்கள்.

கிளச் பெட்டியின் அடியில் நீர் வடியும் துவாரமோ திருகாணியோ இருந்தால், கழுவிய பின்னும் மழையில் நனைந்த பின்னும் திறந்து நீரை வடியவிடுங்கள். மாதம் ஒருமுறை என்ஜினை நன்கு சூடேறும்வரை இயக்கி, கிளச்சைப் பலமுறை மிதித்து, சற்றுத் தூரம் ஓட்டுவதும் நன்று. கொட்டிலில் வெறுமனே ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் ஈரம் போகாது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதாயின், நியூட்ரலில் அரைமணி நேரம் சூடேற்றி, என்ஜினை நிறுத்தி, மிதியை அமிழ்த்திக் கட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். சிலவேளை விடுபடும். விடுபடாவிடில் மெக்கானிக்கை அழையுங்கள். பெட்டிக்குள் எண்ணெய் விசிறினால் தட்டு பின்னர் வழுக்கும். கியரில் வைத்தபடி ஸ்ராட் செய்தால் இயந்திரம் பாயும். முன்னால் நிற்பவர் தப்பமாட்டார்.

எமது முட்டுக்கட்டைக்கு இப்போது சிவப்பு வர்ணம் பூசியுள்ளோம். அதை எடுக்காமல் ஓட்டப்போவோருக்கு அதுவே முதலிற் கண்ணிற் படும்.