49பி, 14 சதவீதம், ஆறு பன்னீர்செல்வம்: தேர்தல் நேரத்து ஃபார்வர்டுகள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

தேர்தல் வந்துட்டா ஃபேமிலி குரூப்ல ரெண்டு சரக்கு அதிகமா வரும். ஒண்ணு ஜோக். இன்னொண்ணு "மிக அவசரம், அனைவருக்கும் பகிரவும்". ரெண்டையும் அனுப்புறது பெரும்பாலும் அதே சித்தப்பாதான். இதுல எது ஜோக், எது நிஜம், எது பொய்? பிரிச்சுப் பார்க்காம விட்டா யாருக்கு நஷ்டம்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பாலவனத்தத்துல ஒரு பழைய கதை

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிற ஊர் பாலவனத்தம். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஊர் ஜமீன்தார். அவரைப் பற்றி தமிழ் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையா சொல்லிவரும் கதை ஒண்ணு உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் தமிழ் படிச்சார். திருக்குறளைப் பார்த்தார். சில குறள்ல எதுகை சரியா வரலையேன்னு நினைச்சு, வள்ளுவர் போட்ட சொல்லையே மாத்தி புத்தகமா அச்சடிச்சுட்டார். தேவர் அந்தப் பிரதிகளை மொத்தமா விலை கொடுத்து வாங்கி, அப்படியே தீயில போட்டாராம்.

அந்தக் கதையில ஸ்காட்டுக்கு கெட்ட எண்ணம் கிடையாது. காதுக்கு நல்லா இருக்கணும்னு மாத்தினார், அவ்வளவுதான். இன்னைக்கு வர்ற பல பொய்த் தகவல்களும் இதே மாதிரிதான் உருவாகுது. கேட்க நல்லா இருக்கும், அனுப்பத் தோணும். ஆனா ஒரு ஃபார்வர்டை மொத்தமா வாங்கி எரிக்க இன்னைக்கு எந்த ஜமீனாலும் முடியாது.

ஜோக் மாதிரி இருந்த நிஜம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே மாவட்டம். ஆனா மக்களவைத் தேர்தல்ல அருப்புக்கோட்டை விருதுநகர் தொகுதிக்குள்ள வரும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதிக்குள்ள வரும். 2024-இல் அந்த இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையா நின்னார். அவரோட சேர்த்து இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் வேட்பாளர்கள். மொத்தம் ஆறு பேர்.

மீம் போடுறவங்களுக்கு தீபாவளிதான். தொகுதிக்கு வெளியே இருந்து பார்த்தவங்க பலர் அதை வெறும் காமெடின்னு நினைச்சிருப்பாங்க. ஆனா அது நிஜம். ஒரே பெயர்ல ஆளை இறக்கி ஓட்டைக் குழப்புறது நம்ம நாட்டில் பழைய தந்திரம். அதனாலதான் 2015-இல் இருந்து வாக்கு இயந்திரத்தில் பெயர், சின்னத்தோட வேட்பாளர் போட்டோவும் இருக்கு. கடைசியில் ஓபிஎஸ் பலாப்பழச் சின்னத்தில் இரண்டாம் இடம் வந்தார். நவாஸ்கனி 1,66,782 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிச்சார்.

இதுல கத்துக்க ஒண்ணு இருக்கு. சிரிப்பு வருதுங்கறதுக்காக ஒரு விஷயம் பொய் ஆகிடாது. அதே மாதிரி, சீரியஸா இருக்குங்கறதுக்காக அது உண்மையும் ஆகிடாது.

சட்டம் மாதிரி இருந்த பொய்

2018 தீபாவளிக்கு 'சர்கார்' வந்தது. ஹீரோ ஓட்டு போட வர்றார், அவர் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க. உடனே 49பி. தியேட்டர்ல விசில். 49பி நிஜமாவே இருக்கிற விதிதான். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள்ல இருக்கு.

அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் நேரத்தில் நாடு முழுக்க ஒரு ஃபார்வர்ட் சுத்துச்சு. அதுல மூணு பாயிண்ட். ஒண்ணு, பட்டியலில் பெயர் இல்லையா, ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்க. ரெண்டு, உங்க ஓட்டை வேற ஆள் போட்டுட்டாரா, 'டெண்டர் ஓட்டு' கேளுங்க. மூணு, ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா அங்கே மறுவாக்குப்பதிவு.

முதலாவது பொய். பட்டியலில் பெயர் இல்லைன்னா எந்த அடையாள அட்டை காட்டினாலும் ஓட்டு கிடையாது. 'சேலஞ்ச்' என்பது வேற விஷயம். ஓட்டு போட வந்த ஒருத்தர் உண்மையில் அந்த ஆள் இல்லைன்னு பூத்தில் இருக்கிற ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்றது.

ரெண்டாவது உண்மை, ஆனா பாதிதான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உங்களைக் கேள்வி கேட்டு, நீங்கதான் அந்த ஆள்னு திருப்தியானா ஒரு வாக்குச் சீட்டு கொடுப்பார். இயந்திரம் கிடையாது. முத்திரை குத்திக் கொடுத்தா, தனிக் கவரில் போட்டு வைப்பாங்க. வழக்கமான எண்ணிக்கையில் அதைச் சேர்க்க மாட்டாங்க. வழக்கு நடந்து நீதிமன்றம் சொன்னாத்தான் அந்தக் கவரைப் பிரிப்பாங்க. 2008-இல் ராஜஸ்தான் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோத்தார். அப்போ டெண்டர் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போச்சு.

மூணாவது, அந்த 14 சதவீதக் கணக்கு, எந்த விதியிலும் இல்லை. சுத்தக் கற்பனை.

ரெண்டு பொய், நடுவுல ஒரு அரை உண்மைன்னு கலந்து கொடுக்கும்போது சினிமா வேற அதுக்கு சாட்சி சொல்லுது. நம்பாம எப்படி இருப்பாங்க?

நஷ்டம் யாருக்கு?

கரிசல் காட்டில் மழை பொய்ச்சா ஊர்ல வேலை கிடையாது. சென்னை, கோவை, திருப்பூர்னு பிள்ளைங்க கிளம்பிடுவாங்க. இதைக் கேட்கிற உங்கள்ல பலரும் அப்படி வந்தவங்கதான். தேர்தலுக்கு பஸ் பிடிச்சு சுமார் 500 கிலோமீட்டர் போறீங்க. பட்டியலில் பெயர் இல்லை. "அதான் ஆதார் இருக்கே"ன்னு ஃபார்வர்டை நம்பி வந்திருந்தா, அப்படியே திரும்பி பஸ் ஏற வேண்டியதுதான். ஏன்னா வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் புதுசா பெயர் சேர்க்க சட்டத்தில் இடமில்லை.

ஒரு ஓட்டுதானேன்னு நினைக்காதீங்க. 2024-இல் விருதுநகரில் மாணிக்கம் தாகூருக்கும் விஜய பிரபாகரனுக்கும் வித்தியாசம் 4,379 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியில் அவ்வளவுதான் இடைவெளி.

அப்போ ஜோக்கே போடக்கூடாதா?

தாராளமா போடலாம். எதைப் போட்டாலும் யார் போட்டாங்கன்னு தெரியணும், அதுதான் முக்கியம். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் பண்ணி ஒரு கார்ட்டூன் ஜோக் வந்தது. சட்டமன்றம் கோபப்பட்டு ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் சிறைத் தண்டனை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பினதால சில நாள்லயே விட்டுட்டாங்க. அந்த ஜோக்குக்கு ஒரு பத்திரிகைப் பெயர் இருந்தது. பொறுப்பேற்று உள்ளே போக ஒரு ஆசிரியரும் இருந்தார்.

இப்போ வர்ற போலி நியூஸ் கார்டைப் பாருங்க. டிவி சேனல் லோகோ, அதே ஃபான்ட், தலைவர் போட்டோ, அவர் சொல்லவே சொல்லாத ஒரு வரி. முதல்ல ஒரு ட்ரோல் பேஜ் 'சும்மா கலாய்'ன்னு போட்டிருக்கும். நாலு குரூப் தாண்டும்போது அந்தப் பேஜ் பெயர் கழண்டு போயிடும், லோகோ மட்டும் மிஞ்சும். உங்களுக்கு ஜோக்கா வந்தது உங்க அத்தைக்கு செய்தியா போய்ச் சேரும்.

என்ன செய்யலாம்?

நியூஸ் கார்டு வந்தா, அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதிக்குத் தேடுங்க. அங்கே இல்லைன்னா அனுப்பாதீங்க. வாட்ஸ்அப்பில் ரெட்டை அம்புக்குறி இருந்தா அது பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம். அதை நம்பகமான செய்திங்கற முத்திரையா எடுத்துக்காதீங்க. ஓட்டுப்பதிவு முறை பற்றின தகவலுக்கு 1950-க்கு போன் பண்ணுங்க, இல்லைன்னா தேர்தல் ஆணைய இணையதளத்தைப் பாருங்க. கட்டுக்கதை எது, உண்மை எதுன்னு 2024-இல் ஆணையமே ஒரு பதிவேடு தொடங்கியிருக்கு. அரசியல் பேச்சைச் சரிபார்க்க தமிழில் யூ டர்ன் மாதிரி தளங்கள் இருக்கு. தமிழ்நாடு அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஆரம்பிச்சிருக்கு. ஆனா அரசைப் பற்றின குற்றச்சாட்டுன்னா அரசு அமைப்பு சொல்றதோட நிறுத்தாம வேற இடத்திலயும் பாருங்க.

கடைசியா, சித்தப்பாவை குரூப்ல எல்லார் முன்னாடியும் மடக்காதீங்க. மானப் பிரச்சினை ஆகிடும், அப்புறம் அந்தப் பொய்க்காக அவரே சண்டை போடுவார். தனியா போன் போட்டு, "சித்தப்பா, அது தப்பாம், சரியானது இதுதான், நீங்களே குரூப்ல போட்டுடுங்க"ன்னு சொல்லுங்க. பொய்யை அனுப்பின அதே நம்பர்ல இருந்து திருத்தம் வந்தாத்தான் மத்தவங்களும் நம்புவாங்க.

பட்டியலில் உங்க பெயர் இருக்கான்னு இன்னைக்கே பார்த்துடுங்க. ஊர்ல அம்மா அப்பா பெயரையும் சேர்த்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.