நம்பர் பிளேட் இல்லாத வண்டி மோதினால் நஷ்டஈடு யார் தருவது?

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போட்டுக்கலாம்." மின்சார ஸ்கூட்டர் விற்கும் சின்னக் கடைகளில் பாதி வியாபாரத்தை முடித்துவைப்பது இந்த மூன்று 'வேண்டாம்'கள்தான். அவற்றில் பொய் இல்லை. ஆனால் அவை முழு உண்மையும் இல்லை. விட்டுப்போன பகுதி என்ன என்பது வண்டி யார் மீதாவது மோதிய பிறகுதான் தெரியவருகிறது.

மேனாம்பேடு, கருக்கு, புதூர் போன்ற அம்பத்தூர்த் தெருக்களில் இந்த வண்டிகள் ஏன் பெருகின என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கோ எஸ்டேட்டுக்கோ நடக்க முடியாத தூரம். ஆட்டோவுக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாத தூரம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டு வெகுநாளாகிறது. பிள்ளையைப் பள்ளியில் விடும் அம்மா, ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளி, சாப்பாட்டுப் பையோடு ஓடும் டெலிவரி இளைஞர், டியூஷனுக்குப் போகும் ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று எல்லாருக்கும் இது தோதான வண்டி. அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, வாங்கும்போது அவர்களிடம் சொல்லாமல் விடப்படும் விஷயத்தில் இருக்கிறது.

சாலையில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சட்டத்துக்கு அவை இரண்டு வேறு சாதி. ஒன்று, பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் பதிவெண் உள்ளது. அது முழு மோட்டார் வாகனம். அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானால் டி.என். 13 என்று தொடங்கும். மற்றொன்று, பலகையே இல்லாதது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தின் சான்றும் இருந்தால் அந்த வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள்ளேயே வராது. சட்டம் அதை ஏறக்குறைய சைக்கிளாகவே பார்க்கிறது.

25 கிலோமீட்டர் என்றால் மெதுவாகத்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 7 மீட்டர். வண்டி, பேட்டரி, இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து 200 கிலோ அந்த வேகத்தில், இன்ஜின் சத்தம்கூட இல்லாமல், நடைபாதை இல்லாத தெருவில் பின்னாலிருந்து வருகிறது. வயதானவர்களின் இடுப்பெலும்புக்கு அது தாராளம்.

மோதினால் என்ன நடக்கும்?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் 65 வயது அம்மா மீது ஸ்கூட்டர் மோதுகிறது. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை.

மோதியது பச்சைப் பலகை வண்டி என்றால் பாதை தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது என்கிறது. அந்த அம்மாவின் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்த இடம், தாங்கள் குடியிருக்கும் இடம், எதிராளி இருக்கும் இடம் ஆகியவற்றில் எது வசதியோ அங்கே போடலாம். யார் தவறு என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் 164ஆவது பிரிவின் கீழ் பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் கோரும் வழி இருக்கிறது. ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இல்லையென்றாலும் காயப்பட்டவர் கைவிடப்படுவதில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுக்கும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும். சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் வகுத்த வழி இது.

மோதியது பலகை இல்லாத வண்டி என்றால் மேலே சொன்ன எதுவுமே கிடையாது. மோட்டார் வாகனமே இல்லை என்றான பிறகு தீர்ப்பாயத்துக்கு அங்கே வேலை இல்லை, 164ஆவது பிரிவும் இல்லை, பணம் தர ஒரு காப்பீட்டு நிறுவனமும் இல்லை. மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம் ஒன்றுதான். அங்கே ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்கும் பாரம் படுக்கையில் இருக்கும் அம்மாவின் மேல். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நீதிமன்றக் கட்டணம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாயை முன்னதாகக் கட்ட வேண்டும். வென்றாலும் பணத்தை ஓட்டியவரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் இருப்பது சம்பளமும் ஒருவேளை ஒரு வீடும். 'இன்சூரன்ஸ் வேண்டாம்' என்று கடைக்காரர் சொன்னதன் பொருள் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்பதல்ல. அந்தப் பொறுப்பை உங்களோடு பகிர்ந்துகொள்ள யாரும் இல்லை என்பதே.

குற்றவியல் சட்டம் இந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, பொதுவழியில் 'எந்த வாகனத்தையும்' தாறுமாறாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. கவனக்குறைவால் பலத்த காயம் ஏற்பட்டால் 125ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை, உயிர் போனால் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆவடி மாநகரக் காவல்துறைக்கு உட்பட்ட அம்பத்தூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய, வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. என் பார்வையில் ஆகப் பெரிய சிக்கல் அதுதான். பில்லில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்று இருக்கும். ஆனால் கன்ட்ரோலரில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் வண்டி 40, 45 என்று பறக்கும். 2022 மே மாதம் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இப்படித் திருத்திய வண்டிகளைத் தேடிப் பிடிக்கத் தனி நடவடிக்கையே எடுத்தது. வேக வரம்பைத் தாண்டிய நொடியே அந்த வண்டி மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவில்லாத, காப்பீடில்லாத, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் மோட்டார் வாகனம். பதிவின்மைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் இன்மைக்கு 5,000, காப்பீடின்மைக்கு முதல் முறை 2,000, வண்டியைத் திருத்தியதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அல்லது ஆறு மாதம் வரை சிறை. இவை சில்லறை. தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும் என்பதுதான் பெரிய தொகை. அப்படி விற்ற கடைக்காரருக்கும் 182ஏ பிரிவில் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ உண்டு. அதைக் கடையில் யாரும் எழுதி ஒட்டி வைப்பதில்லை.

பின்னால் உட்கார்ந்தவர்

பச்சைப் பலகை வண்டி வைத்திருப்பவர்களும் முழு நிம்மதியோடு இருந்துவிட முடியாது. சட்டம் கட்டாயமாக்கியது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும். அதில் பின்னால் உட்கார்ந்து வரும் மனைவியோ நண்பரோ அடங்கமாட்டார் என்று திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் லைசென்ஸ் இல்லையென்றால் அது கைக்கு வராது.

செகண்ட்ஹேண்டில் கைமாறும் வண்டிகளும் இங்கே நிறைய. ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விற்றுவிட்டால், வண்டி நான்கு கை மாறிய பிறகு நடக்கும் விபத்துக்கும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு. நவீன் குமார் வழக்கில் 2018இல் வந்த தீர்ப்பு அது.

பிள்ளை கையில் சாவி

பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனம் ஓட்டி விபத்து நேர்ந்தாலும் சரி, பிடிபட்டாலும் சரி, 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்பதை நிரூபிக்க வேண்டியவரும் பெற்றோர்தான். 16 வயதில் ஓட்டலாம் என்று பலர் நம்பும் விதி 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கானது.

25 கிலோமீட்டர் வண்டிக்கோ நம் சட்டத்தில் வயது வரம்பே சொல்லப்படவில்லை. மோட்டார் வாகனம் அல்ல என்று ஆனபின் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129ஆவது பிரிவும் அதற்குப் பொருந்தாது. தார்ச்சாலையும் தலையும் மோதுவதற்கு இந்த வேகமே போதும் என்பதால், சட்டம் கேட்காவிட்டாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். இந்த ஓட்டையை அரசு அடைத்தே ஆக வேண்டும். சிங்கப்பூரில் நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டருக்குக்கூட 16 வயது வரம்பும் எழுத்துத் தேர்வும் உண்டு. சைக்கிளில் சென்ற முதியவர் ஒருவர் இத்தகைய ஸ்கூட்டர் மோதி 2019 செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் அவை தடை செய்யப்பட்டன. சுற்றுலா நகரமான பாரிஸ் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி, வாடகை ஸ்கூட்டர்களையே ஊரைவிட்டு அனுப்பியது.

வாடகை என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது புதுச்சேரி. வார இறுதியில் அங்கே வண்டி எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். முறையான வாடகை வண்டியின் பதிவெண், கருப்புப் பலகையிலோ மின்சார வண்டியானால் பச்சைப் பலகையிலோ மஞ்சள் எழுத்தில் இருக்கும். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த விதிமீறலைத்தான்.

வண்டி நிற்கும்போது நடக்கும் விபத்து

நம் பக்கத்தில் மிகக் கொடுமையான மின்சார ஸ்கூட்டர் விபத்து சாலையில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது. 2025 மார்ச்சில் மதுரவாயலில் சார்ஜ் போட்டிருந்த வண்டி விடியற்காலையில் தீப்பிடித்து ஒன்பது மாதக் குழந்தை இறந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் அதேபோல் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். இரண்டிலும் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் வண்டி எரிந்தால் என்ன ஆகும் என்ற பாடம் இருக்கிறது. தனி வண்டி நிறுத்தம் இல்லாத வாடகை வீடுகளில் மாடிப்படிக்குக் கீழேதான் சார்ஜ் போடுகிறோம். தீயும் புகையும் மேலே ஏறுவதும் அந்த வழியாகத்தான். இரவு முழுக்க சார்ஜில் விடாமல் இருப்பதும், கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாமல் இருப்பதும், மழைநீரில் மூழ்கிய பேட்டரியைச் சோதிக்காமல் சார்ஜ் போடாமல் இருப்பதும் நம் கையில் உள்ளவை.

தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் தயாரான வண்டியைப் பழையதாக வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். தீ விபத்தில் நஷ்டஈடு கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வழி செய்கிறது. குறைபாடுள்ள பொருளால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் தயாரித்தவர், விற்றவர், பழுதுபார்த்தவர் மூவரையும் பொறுப்பாக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. எரிந்த பேட்டரியையும் சார்ஜரையும் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிட்டால் வழக்கில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

விபத்து நடந்த இடத்தில் முதல் வேலை 108க்கு அழைப்பது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. மோதிய வண்டியையும் அதன் பலகையையும், பலகை இல்லையென்றால் சேசிஸ் எண்ணையும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் கையில் இருக்க வேண்டும். தீர்ப்பாய மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தாலும் அவற்றை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. மோட்டார் திறன், உச்ச வேகம், சோதனை மையச் சான்று எண் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரகடத்திலும் புனேயிலும் உள்ளவை போன்ற மையங்கள் தரும் சான்று அது. தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். முடிந்தவரை பதிவெண் உள்ள வண்டியையே வாங்குங்கள். புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை விற்பனையின்போதே கட்ட வேண்டும் என்ற உத்தரவு, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. 3 கிலோவாட் வரையிலான மின்சார ஸ்கூட்டருக்கு அந்த ஐந்து ஆண்டுக்குமான பிரீமியம் 2022இல் நிர்ணயித்தபடி 2,466 ரூபாய்.