மேயர் சட்டம் போட முடியுமா?

‘பகல் நேரத்தில் எங்கள் தெருவுக்குள் லாரி வரக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்களேன்!’ வார்டு கவுன்சிலரிடம் இப்படிக் கேட்டால் அவர் தலையாட்டுவார். ஆனால் அது அவர் கையில் இல்லை. லாரிக்கு நேரம் குறிப்பது போக்குவரத்துக் காவல்துறை. சரி, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்? அது குடிநீர் வாரியம். பக்கத்து மனையில் எழும்பும் பத்து மாடிக் கட்டடம்? அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). அப்படியானால், 200 கவுன்சிலர்கள் உட்காரும் சென்னை ரிப்பன் மாளிகை மாமன்றம் எதைப் பற்றித்தான் சட்டம் செய்யலாம்?

அமெரிக்காவில் நகர மன்றம் நிறைவேற்றும் சட்டத்தை ‘ஆர்டினன்ஸ்’ என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளுநர் கையெழுத்துப் போடும் அவசரச் சட்டம்தான் ஞாபகம் வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நம் மாநகராட்சி செய்வதற்குப் பெயர் துணைவிதி. சட்டமன்றம் இயற்றிய சட்டம் மேலே. அதன்கீழ் அரசு எழுதும் விதிகள். அதற்கும் கீழே துணைவிதி. மேலே இருப்பதற்கு முரணாக ஒரு வரிகூட எழுத முடியாது.

அதற்காக அது வெற்றுக் காகிதமும் அல்ல. மீறினால் அபராதம் உண்டு. எல்லை மீறிப் போனால் நீதிமன்றம் ரத்து செய்யும். 1898-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு வழக்கு. வீட்டிலிருந்து ஐம்பது கஜத்துக்குள் தெருவில் யாராவது பாடினால், வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கிருந்த துணைவிதி. செல்லும் என்றார்கள் நீதிபதிகள். ஒரு சாராரை மட்டும் குறிவைத்தால், மக்களை வதைத்தால் செல்லாது என்ற அளவுகோலையும் அந்தத் தீர்ப்பே வகுத்தது. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டும் நம்மூருக்கு அந்தக் கென்ட் விதி நன்றாகவே பொருந்தும்!

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. வயதுக்குத் தக்க சுதந்திரம் மட்டும் வரவில்லை. 1919-ஆம் வருடச் சட்டப்படி, மாமன்றம் துணைவிதி செய்ய முடிந்தது. ஆனால் மாநில அரசு ஒப்புதல் தந்தால்தான் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அமலானது. அதற்கான விதிகளை எழுதியதும் மாநில அரசுதான்.

நடுவில் 1993 ஜூன் 1 அன்று 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்தபோது, நிலைமை தலைகீழாகும் என்று நம்பியவர்கள் உண்டு. நகரத் திட்டமிடல், குடிநீர், தீயணைப்பு, தெருவிளக்கு, சுடுகாடு என்று 18 பணிகள் கொண்ட பட்டியல் அதில் இருக்கிறது. ஆனால் 243-W பிரிவைப் படித்துப் பாருங்கள்: இந்த அதிகாரங்களைச் சட்டமன்றம் ‘வழங்கலாம்’ என்றிருக்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்றில்லை. அந்த ‘லாம்’ போதுமானதாக இருந்தது. சென்னையில் திட்டமிடலும் குடிநீரும் தீயணைப்பும் இன்றும் மாநில அரசின் அமைப்புகளிடமே இருக்கின்றன. தெருவிளக்கும் சுடுகாடும் மாநகராட்சிக்கு.

குப்பை விவகாரத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். உள்ளாட்சிகள் துணைவிதி வகுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் கட்டளையிட்டன. சென்னைக்கான துணைவிதி 2019-இல் வந்தது. அப்போது சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தேர்தலே நடக்காததால், மாமன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலரிடம் இருந்தது. 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். விதித்தபோதும் நிறுத்தியபோதும் வாக்களிக்க மாமன்றத்தில் யாருமில்லை.

கவுன்சிலர்கள் வந்த பிறகாவது? 2022 மார்ச்சில் மாமன்றம் பதவியேற்று ஒரு மாதம்கூட நிறையவில்லை, சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். 15-ஆவது நிதிக்குழு மானியத்துக்கு இப்படி நிபந்தனை வைத்திருக்கிறது என்றது அரசு. மாமன்றத் தீர்மானம் அதற்குப் பிறகு வந்தது. திட்டு வாங்கியதென்னவோ கவுன்சிலர்கள்தான்.

மேற்பார்வையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர்கள் தெருக் குப்பைக்கு விதி எழுதக் கோட்டையின் கையெழுத்துக்குக் காத்திருப்பது நியாயமாகப் படவில்லை. அந்த ‘லாம்’ என்ற சொல்லை டெல்லி மாற்றும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வழங்கும் அதிகாரம் சென்னைச் சட்டமன்றத்திடமே இருக்கிறது.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஆட்சேபனைகள் வரவேற்கப்படுகின்றன’ என்று மாநகராட்சியின் அறிவிப்பு பொடி எழுத்தில் எப்போதாவது நாளிதழில் வரும். பக்கத்தைப் புரட்டிவிடாமல் படித்துவிட்டு, ஆணையருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகலைக் கவுன்சிலருக்கும் அனுப்புங்கள்.