கொரியத் தொடர்கள் வழி மொழி கற்றல்

பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியான இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் கொரியம் இவ்வட்டாரத்தில் வேலைக்கு உதவும் மொழியானது. கொரியத் தொடர்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தது பிற்பாடுதான். 2013-இல் தொடங்கப்பட்ட புதுயுகம் தொலைக்காட்சி 'பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' தொடரைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது.

தமிழ்க் குரலில் கேட்டால் கதை புரியும், கொரியம் வராது. கற்பவர் மூல ஒலியையே கேட்க வேண்டும். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை முதலில் ஆங்கில வசன வரிகளுடனும், பிறகு கொரிய எழுத்து வரிகளுடனும், கடைசியாக வரிகளே இல்லாமலும் பார்ப்பது நல்ல முறை. கொரியத்திலும் வினைச்சொல் வாக்கிய இறுதியில் வருவதால் தமிழருக்குக் காது விரைவில் பழகும். 'அப்பா' என்ற சொல்கூட அங்கே அதே பொருளில் உண்டு (இது மொழியுறவுக்குச் சான்றாகாது).

சிக்கல் மரியாதையில்தான். தொடர்களில் நண்பர்கள் பேசுவது பெரும்பாலும் 'பன்மல்' எனப்படும் நெருக்கப் பேச்சு. 'போ' என்பதை நண்பரிடம் 'கா' என்பார்கள். பெரியவரிடம் அதுவே 'கசேயோ' ஆகும். தொடரில் கேட்டதை அப்படியே ஆலை மேலாளரிடம் சொன்னால், அவரை 'வா, போ' என்று ஒருமையில் அழைத்ததாகிவிடும். எனவே ஒரு வசனத்தைக் குறித்துக்கொள்ளும்போது, அதை யார் யாரிடம் பேசினார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.