காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடக்கூடாது: மலேரியா மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிகிறது. 3 நாளைக்கு குளோரோகுயின், 14 நாளைக்கு பிரைமாகுயின் என்று மருத்துவர் எழுதித் தருகிறார். மூன்றாம் நாளே குளிர் நடுக்கம் நின்று, உடம்பு தெளிந்து, வேலைக்குக் கிளம்பியாகிவிடுகிறது. ‘அதான் காய்ச்சல் விட்டுருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று மீதி அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது.

சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதே குளிர், அதே நடுக்கம். ‘மறுபடியும் கொசு கடிச்சிருக்கும் போல’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஆனால், பல நேரங்களில் புதிய கொசு காரணமாக இருப்பதில்லை. பழைய கிருமியே உடம்பை விட்டுப் போயிருக்காது.

ஏன் 14 நாள்?

இந்தியாவில் அதிகம் காணப்படும் மலேரியா கிருமிகள் இரண்டு: வைவாக்ஸ், ஃபால்சிபாரம். சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ். மொட்டைமாடித் தொட்டி, கிணறு போன்ற நல்ல தண்ணீரில் வளரும் அனோபிலஸ் ஸ்டீபென்சி என்ற கொசுதான் நகரத்தில் இதைப் பரப்புகிறது.

வைவாக்ஸ் கிருமிக்கு ஒரு தந்திரம் உண்டு. ரத்தத்தில் பெருகிக் காய்ச்சலை உண்டாக்கும்போதே, அதன் ஒரு பகுதி கல்லீரலில் போய் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பவற்றைத்தான் அழிக்கும். கல்லீரலில் உறங்குபவற்றை அதனால் தொட முடியாது. அந்த வேலையைச் செய்வது பிரைமாகுயின். தேசிய வழிகாட்டுதலின்படி இதைத் தினமும் எடைக்கேற்ற அளவில் 14 நாள் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால், உறங்கும் கிருமி ஒருநாள் விழித்துக்கொள்ளும்.

ஃபால்சிபாரம் என்றால்?

இது மூளை, சிறுநீரகம், நுரையீரலைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. நாட்டின் பல பகுதிகளில் இந்தக் கிருமி குளோரோகுயினுக்கு அடங்குவதில்லை. அதனால் ஆர்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து 3 நாள் கொடுக்கிறார்கள். வடகிழக்கு மாநிலங்களில் ஆர்டிமீதர்–லூமிஃபான்ட்ரின். மற்ற மாநிலங்களில் ஆர்டிசுனேட்டுடன் சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமின். இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை பிரைமாகுயினும் உண்டு. அது நோயாளியிடமிருந்து கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுப்பதற்கு.

ஆர்டிமிசினின் வகை மாத்திரையைத் தனியாகச் சாப்பிடக்கூடாது. அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். துணை மருந்து இருப்பது அதற்குத்தான்.

பரிசோதனைக்கு முன் மாத்திரை வேண்டாம்

எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தே மருந்து மாறுகிறது. காய்ச்சலை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அல்லது ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் துரிதப் பரிசோதனை – இரண்டில் ஒன்று அவசியம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மெடிக்கல் ஷாப்பில் ‘குளிர் காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால், அரைகுறை மருந்தில் கிருமி பரிசோதனைக்குத் தெரியாத அளவுக்குக் குறையலாம். நோய் மட்டும் உள்ளே இருக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது.

பிரைமாகுயின் யாருக்கு ஆபத்து?

ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். மற்ற நாளில் எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதால், குறைபாடு இருப்பதே தெரியாது. இவர்கள் பிரைமாகுயின் எடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து திடீர் ரத்தசோகை வரலாம். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றில் இதைக் கண்டறிய முடியும்.

மாத்திரை எடுக்கும் நாட்களில் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த வேளை வரை காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கொடுப்பதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

• சல்ஃபா மருந்து ஒவ்வாமை. ஃபால்சிபாரத்துக்குத் தரும் சல்ஃபாடாக்சின் அந்த வகையைச் சேர்ந்தது.

• வலிப்பு, மனநலப் பிரச்சினை, இதயத் துடிப்புக் கோளாறு. இப்போது இல்லாவிட்டாலும், முன்பு இருந்திருந்தால் சொல்ல வேண்டும்.

• மூட்டுவலிக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருப்பது.

• கர்ப்பமாக இருப்பது, அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

குளோரோகுயின், பிரைமாகுயின் இரண்டையும் வெறும் வயிற்றில் போடக்கூடாது, வயிற்றைப் புரட்டும். ஆர்டிமீதர்–லூமிஃபான்ட்ரின் என்றால் பாலோடு அல்லது கொஞ்சம் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கொழுப்புச்சத்து இருந்தால்தான் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேரும்.

போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டால், அந்த வேளை மருந்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டதே என்று அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக்கூடாது.

பிரைமாகுயின் 2.5, 7.5, 15 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் வருகிறது. ‘பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ரெண்டு மாத்திரை குடுத்தாங்க, எனக்கு ஒண்ணுதானா?’ என்று எண்ணிக்கையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. மீந்துபோன மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்கும் பழக்கமும் வேண்டாம்.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள்

நைஜீரியா, காங்கோ, உகாண்டா என்று வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். குளோரோகுயின் அங்கே உதவாது.

6 வாரத்துக்குள் திரும்பும் பயணம் என்றால், பெரியவர்களுக்கு தினமும் 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் பரிந்துரைக்கப்படுகிறது. கிளம்புவதற்கு 2 நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். நிறைய தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது கூடாது.

நீண்ட காலம் தங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின். பயணத்துக்கு 2 வாரம் முன்பே தொடங்கி, திரும்பி 4 வாரம் வரை எடுக்க வேண்டும். வலிப்பு, மனநலப் பாதிப்பு, இதயக் கோளாறு இருந்தவர்களுக்கு ஆகாது. கெட்ட கனவு, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் ‘வீட்டுக்கு வந்தாச்சே’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. கடைசி நாளில் கடித்த கொசுவின் கிருமி வெளிப்பட நாளாகும். எந்தத் தடுப்பு மாத்திரையும் முழுப் பாதுகாப்பு தராது என்பதால் கொசுவலையும் கொசு விரட்டியும் அவசியம். திரும்பி வந்த பிறகு, சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட, ‘ஆப்பிரிக்காவுல இருந்து வந்தேன்’ என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு…

வலிப்பு, பேச்சில் குழப்பம், மயக்கம், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது, மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி – இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை இல்லை. ஊசி வழியாக ஆர்டிசுனேட் ஏற்ற வேண்டியிருக்கும். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மற்றவர்களுக்கு மலேரியா முழுதாகக் குணமாகக்கூடிய நோய்தான். எந்தக் கிருமி, எந்த மாத்திரை, எத்தனை நாள், எதைக் கண்டால் நிறுத்துவது என்ற நான்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, காலண்டரில் குறித்துவைத்து, 14-வது நாள் மாத்திரையையும் போட்டு முடித்தால் பழைய காய்ச்சல் திரும்பி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.